கூலி இல்லாத ‘கூலி’: நைனிதால் ஏரிக்கரையில் ஒரு சொல்லின் தடம்

சென்ற வாரம் நைனிதால் சென்று திரும்பிய நண்பர் ஒருவர், ஏரியில் படகில் அமர்ந்து எடுத்துக்கொண்ட படமொன்றை அனுப்பியிருந்தார். இரு முனையும் கூர்ந்த, மஞ்சள் வண்ணம் பூசிய துடுப்புப் படகு. அதன் பின்னே அயார்பாட்டா மலைச்சரிவின் அடர்பச்சை. படகோட்டியின் முகம் படத்துக்குள் வரவில்லை. துடுப்பைப் பற்றிய இரண்டு கைகள் மட்டும் ஓரத்தில் தெரிந்தன. “இந்த ஏரியைக் கண்டுபிடித்தவர் பாரன் என்றொரு வெள்ளைக்காரராம், வழிகாட்டி சொன்னார், உண்மையா?” என்றும் கேட்டிருந்தார். அவருக்கு இரண்டு வரியில் மறுமொழி எழுதத் தொடங்கினேன். அது இந்த நீண்ட பதிவாகிவிட்டது.

நைனிதால், பீம்தால், சாத்தால், நௌகுசியாதால் என்று குமாவோன் மலைகளின் தென்விளிம்பில் ஏரிகள் பல உண்டு. ‘தால்’ என்றால் ஏரி. சாத்தால் ஏழு ஏரிகளின் தொகுதி. நௌகுசியாதாலுக்கு ஒன்பது மூலைகள். நைனிதால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,940 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலைகள் சூழ, ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த நீளத்தில் கிடக்கிறது. அதன் வடமேற்கு முனை மல்லிதால். தென்கிழக்கு முனை தல்லிதால். குமாவோனி மொழியில் மல்லா என்றால் மேல், தல்லா என்றால் கீழ். இப்பகுதியின் ஊர்ப்பெயர்கள் பலவற்றில் இந்த மேல், கீழ் இணையைக் காணலாம். ஏரி நீர் வழிந்து வெளியேறுவது தல்லிதால் முனையில். ஆகவே இப்பெயர்கள் நீரின் போக்கை அறிந்தவர்கள் இட்ட பெயர்கள். இவ்வளவு நுட்பமாகப் பெயரிடப்பட்ட ஓர் இடத்தைப் பிறகு ஒருவர் வந்து ‘கண்டுபிடிப்பது’ எப்படி?

மானஸ்கண்டம் இதனை மூன்று முனிவர்களின் ஏரி என்கிறது. அத்திரி, புலஸ்தியர், புலகர் மூவரும் தாகத்தால் வருந்தி, குழி தோண்டி, மானசரோவரின் நீரை வரவழைத்தனராம். சதியின் கண் விழுந்த இடம் என்பது மற்றொரு மரபு. நயனம் என்னும் சொல்லைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர் வருவதற்கு முன் இங்கு நகரம் இல்லை. சுற்றுவட்டாரத்து மக்கள் கால்நடை மேய்க்கவும், ஆண்டுக்கொருமுறை தேவிக்கு விழா எடுக்கவும் வந்து சென்றனர். 1815இல் கோர்க்காக்களிடமிருந்து குமாவோன் கும்பெனியின் கைக்கு வந்தது. அதன் ஆணையராக நெடுங்காலம் இருந்த ட்ரெயில் இந்த ஏரியைப் பார்த்திருந்தும், அதன் புனிதத்தைக் கருதித் தம் நாட்டவரிடம் சொல்லாமல் விட்டார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. அது முழு உண்மையோ இல்லையோ, அச்செய்தியைப் போற்றிவந்த மக்கள் எதை எதிர்பார்த்து அஞ்சினார்கள் என்பதை அது காட்டிவிடுகிறது.

அஞ்சியது 1841 நவம்பரில் வந்தது. ஷாஜகான்பூரை அடுத்த ரோசாவில் சர்க்கரை வணிகம் செய்துவந்த பி. பாரன், வேட்டையிலும் மலைநடையிலும் விருப்பம் மிக்கவர். ‘யாத்திரிகன்’ என்று பொருள்படும் புனைபெயரில் ஆக்ரா அக்பார் இதழில் தம் அலைவுகளை எழுதிவந்தார். பின்னர் 1844இல் அவை நூலாயின. இன்றைய மொழியில் சொன்னால், அவர் ஒரு பயண எழுத்தாளர். நைனிதாலின் முதல் விளம்பரதாரரும் அவரே.

அவரைப் பற்றி இரண்டு நிகழ்ச்சிகள் குமாவோன் பற்றிய பழைய ஆங்கில நூல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டையுமே அந்நூல்கள் நகைச்சுவையாகத்தான் சொல்கின்றன.

முதலாவது கல்லின் கதை. ஏரிக்கு வழி கேட்டால் மலைவாசிகள் தெரியாது என்று சாதித்தார்கள். அவர்களிடமிருந்து வழியை வரவழைக்கும் உத்தி ஒன்றைப் பாரன் கையாண்டார். வழிகாட்டியின் தலையில் ஒரு பெரிய கல்லை ஏற்றி, “நைனிதாலில் கல் கிடையாது, இதைக் கீழே போட்டு உடைத்துவிடாமல் அங்கே கொண்டு வா, வீடு கட்ட வேண்டும்” என்று சொல்ல வேண்டியது. சில மைல் தூரம் பாரத்தைச் சுமந்தபின் அந்த மனிதன் பொறுக்கமாட்டாமல், அங்கே கல்லுக்கு என்ன குறை என்று கேட்டுவிடுவான். அவன் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறான் என்பது வெளிப்பட்டுவிடும். ஒரு மனிதனின் மௌனத்தை உடைக்க அவன் கழுத்தின் மீது பாரத்தை ஏற்றுவது என்பது, சற்று யோசித்தால், நகைச்சுவைக்குரிய செய்தியன்று.

இரண்டாவது படகின் கதை. அடுத்த ஆண்டின் இறுதியில் பாரன் மீண்டும் வந்தபோது ஒரு படகைக் கொண்டுவந்தார். அந்த ஏரி கண்ட முதல் படகு அதுவாக இருக்கலாம். வண்டிப்பாதை இல்லாத அந்நாளில் படகு மேலே வந்தது மனிதர்களின் தோள்மீதுதான் என்பதை நினைவில் கொள்க. ஏரியும் அதைச் சூழ்ந்த நிலமும் தமக்குரியவை என்று கோரிவந்தவர் அப்பகுதியின் தோக்தார் நர்சிங். தோக்தார் என்பவர் சில ஊர்களுக்குச் சேர்ந்த தலைவர். வெள்ளையர் குடியேற்றத்தை அவர் எதிர்த்தார்; நீதிமன்றத்தையும் நாடியிருந்தார். பாரன் அவரை நயமாகப் பேசிப் படகில் ஏற்றினார். ஏரியின் நடுவே, ஆழமான இடத்தில் படகை நிறுத்தினார். ஏரியின் மீதுள்ள உரிமையை விட்டுக்கொடுத்ததாகத் தம் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடும்படி கேட்டார். இல்லையென்றால் நீந்திக் கரை சேரலாம் என்றார். நர்சிங்குக்கு நீச்சல் தெரியாது. பென்சிலால் கையொப்பமிட்டார். கரை சேர்ந்ததும் ஆங்கிலேயர்கள் அதைப் பெரிய வேடிக்கையாகக் கொண்டாடினர். பிற்பாடு நர்சிங், தாம் உரிமை கோரிய அதே இடத்தில், மாதம் ஐந்து ரூபாய்ச் சம்பளத்தில் பட்வாரியாக அமர்த்தப்பட்டார்.

நைனிதாலின் உல்லாசப் படகுப் பயண வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. நண்பருக்கு நான் எழுத நினைத்த இரண்டு வரி இதுதான். ஆனால் பாரனின் படகைவிட, அதைச் சுமந்து வந்த தோள்களே என்னை இவ்வளவு தூரம் இழுத்துவந்தன.

நகரம் விரைந்து வளர்ந்தது. பாரனின் ‘பில்கிரிம் லாட்ஜ்’ முதல் வீடுகளில் ஒன்று. 1862இல் வடமேற்கு மாகாணங்களின் கோடைத் தலைநகராக நைனிதால் ஆயிற்று. ஆளுநர், செயலகம், படைவீரர்களின் ஓய்வு முகாம், பள்ளிகள், தேவாலயங்கள், விடுதிகள் என்று எல்லாம் வந்தன. ஆணையர் ராம்சே 1858இல் ஏரியில் மகசீர் மீன்களை விடச் செய்தார். தூண்டிற்காரர்களின் பொழுதுபோக்குக்கு அது வழியாயிற்று. 1910இல் பாய்மரப் படகுக் கழகம் அமைந்தது. உலகில் மிக உயரத்திலுள்ள அத்தகைய கழகங்களுள் ஒன்றாக அதனை இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். 1926இல் ஆளுநர் மாளிகையின் வளாகத்தில் கோல்ஃப் திடல் உருவாயிற்று. ஏரியோரமாக இரண்டு சாலைகள்: மேல் மால், கீழ் மால். மேற்சாலை துரைமாருக்கு, கீழ்ச்சாலை இந்தியருக்கும் குதிரைகளுக்கும் வேலையாட்களுக்கும் என்பது ஊரார் இன்றும் சொல்லும் வழக்கு. மல்லா, தல்லா என்று நீரின் போக்கைக் குறித்த இணை, ஆள்வோர் ஆளப்படுவோர் என்ற இணையாக மாறியதை அங்கே நடந்துகொண்டே படிக்கலாம்.

1884இல் ரயில் காட்கோதாம் வரை வந்தது. அதற்கு மேல் மலை. அதன்மேல் ஒரு குடும்பம் தன் பெட்டிகளோடும், படுக்கைகளோடும், சில வேளை பியானோவோடும் ஏறியது எப்படி? பெண்களும் குழந்தைகளும் முதியோரும் டாண்டியில் சென்றனர். டாண்டி என்பது நால்வர் தூக்கிச் செல்லும் இருக்கை. நம் டோலியை ஒத்தது. ஆண்கள் மட்டக்குதிரையில். மூட்டைகள் மனித முதுகில். நைனிதாலோடு பயணம் முடிவதில்லை. பிண்டாரிப் பனியாறு, அல்மோரா, ராணிகேத், தராய்க் காட்டின் வேட்டை முகாம்கள் என்று அலுவலர்களும், அவர்தம் விருந்தினரும், மலையேறிகளும், வேட்டைக்காரரும் அலைந்த ஒவ்வோர் அலைவுக்கும் கூடாரங்களைச் சுமக்க ஆட்கள் தேவைப்பட்டனர். அந்த ஆட்கள் வந்த முறைக்குக் குமாவோனில் ‘கூலி பேகார்’ என்று பெயர்.

மொழியியல் படித்தவனுக்கு இத்தொடரைக் கண்டதும் நின்றுவிடத் தோன்றும். பேகார், பாரசீக வழி இந்திக்கு வந்த சொல்: ஊதியமற்ற கட்டாய உழைப்பு. கூலியோ நம் சொல். உழைப்புக்குக் கிடைக்கும் பயன், ஊதியம். திருக்குறளிலேயே அப்பொருளில் ஆளப்பட்டுள்ளது. கன்னடத்திலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் இது உண்டு. தமிழில் கூலி என்பது பொருள். அதைப் பெறுபவர் கூலியாள், கூலிக்காரர். ஐரோப்பியர் வாயில் இது ‘கூலி’ என்ற ஆளையே குறிக்கும் சொல்லாயிற்று. ஊதியத்தின் பெயர் மனிதனுக்கு ஆகிவந்தது. குஜராத்தின் கோலி சமூகத்தின் பெயரிலிருந்தே ஆங்கிலச் சொல் பிறந்தது என்றும் ஒரு கருத்து உண்டு. ஹாப்சன்-ஜாப்சன் அகராதி 1886இலேயே இவ்விரு வழிகளையும் ஆராய்கிறது. துருக்கிய மொழியில் அடிமையைக் குறிக்கும் சொல்லோடு இணைத்தவர்களும் உள்ளனர். எனக்குத் தோன்றுவது, கோலி என்ற குழுப்பெயர் போர்ச்சுகீசியர் வழியாக வந்து, தெற்கே வழங்கிய கூலியோடு கலந்து, இரண்டும் ஒன்றாகப் பொருந்திவிட்டன என்பதே. எப்படியாயினும், பொருள் நிலைத்ததில் தமிழ்ச் சொல்லின் பங்கு மறுக்க முடியாதது. இந்தியில் அது முதல் உயிர் குறுகிக் ‘குலி’ ஆயிற்று.

அங்ஙனம் வடக்கே சென்ற சொல் குமாவோன் மலையில் பேகாரோடு இணைந்தபோது நிகழ்ந்த விபரீதத்தைப் பாருங்கள். தமிழில் திருப்பிச் சொன்னால் ‘கூலி பேகார்’ என்பது ‘கூலியில்லாக் கூலி’. சோழர் காலக் கல்வெட்டுகளில் இதற்கு நம்மிடமே ஒரு சொல் இருந்தது: வெட்டி. வடமொழி விஷ்டியோடு தொடர்புடையதாக அறிஞர் கருதும் இச்சொல், ஊதியமின்றிச் செய்தாக வேண்டிய உழைப்பைக் குறித்தது. தெலங்கானாவில் ‘வெட்டிச் சாகிரி’ என்பது நிலப்பிரபுக்களின் கட்டாய உழைப்பு முறைக்குப் பெயராக இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. நாம் இன்று ‘வெட்டிவேலை’ என்கிறோம், பயனற்ற வேலை என்ற பொருளில். யாருக்குப் பயனற்றது என்ற கேள்வி சொல்லிலிருந்து உதிர்ந்துவிட்டது. செய்தவனுக்குத்தான் பயன் இல்லை. செய்வித்தவனுக்குக் கோயிலும் ஏரியும் சாலையும் கிடைத்தன.

குமாவோனில் இம்முறை ஆங்கிலேயர் புகுத்தியதன்று. சந்த் மன்னர் காலத்திலும் கோர்க்காக்கள் காலத்திலும் இருந்தது. ட்ரெயில் இதற்கு மாற்றாகக் கோவேறு கழுதைகளைப் பழக்க முயன்றதும் உண்டு, அது நிலைக்கவில்லை. ஆனால் இதனைப் பதிவேட்டில் ஏற்றி, நிலவரித் திட்டத்தோடு பிணைத்து, நிலமுடைய ஒவ்வொரு குடியானவரின் கடமையாக்கியது ஆங்கிலேய ஆட்சியே. ஊர்த்தலைவரான பதானிடம் பதிவேடு இருக்கும். யாருடைய முறை என்று பட்வாரி பார்ப்பார். முறை வந்தவர் விதைப்பு நாளாயினும், வீட்டில் சாவாயினும் போய்ச் சுமக்க வேண்டும். இதில் மூன்று வகை சொல்லப்படுகின்றன. பேருக்கு ஒரு சிறு தொகை கொடுத்துச் சுமக்கச் செய்வது ‘உதார்’. ஒன்றும் கொடாமல் சுமக்கச் செய்வது ‘பேகார்’. முகாமிட்டிருக்கும் துரைக்குப் பால், முட்டை, விறகு, புல் ஆகியவற்றை ஊரார் வழங்குவது ‘பர்தாயிஷ்’. நடைமுறையில் இவை மூன்றுக்குமிடையே வேறுபாடு அவ்வளவாகத் தெரிந்திராது.

சுற்றுலாவின் வரலாறுகள் பெரும்பாலும் விடுதிகளின், சாலைகளின், ரயில்களின் வரலாறாகவே எழுதப்படுகின்றன. குமாவோனில் அவ்வளவையும் தாங்கிய அடிக்கட்டுமானம் இந்தப் பதிவேடு. ஷேகர் பாடக் இம்முறை குறித்துச் செய்த ஆய்வு இல்லையெனில் அந்தப் பதிவேடுகளுக்குப் பின்னாலிருந்த மனிதர்களை நாம் அறிந்திருக்க மாட்டோம். இமயத்தைப் பற்றி எழுதப்படும் தமிழ்ப் பயணக் கட்டுரைகளில் அவர் பெயர் வராதது ஒரு குறை.

நடுவே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் நைனிதாலின் வரலாறு நிறைவுறாது. 1880 செப்டம்பரில் இரண்டு நாள் ஓயாத மழை. செப்டம்பர் 18ஆம் நாள், சனிக்கிழமை காலை, ஷேர்-கா-டாண்டா சரிவில் விக்டோரியா விடுதிக்குப் பின்புறம் மண் சரிந்து சிலர் புதையுண்டனர். மீட்புப் பணிக்கு அலுவலர்களும் படைவீரர்களும் தொழிலாளர்களும் கூடினர். நண்பகல் கழிந்து மலையின் பெரும்பகுதி ஒன்று பெயர்ந்து வந்தது. விடுதி, நைனா தேவி கோயில், ஏரியோரத்துக் கூட்ட அரங்கம் எல்லாவற்றையும் அது மூடிற்று. சில நொடிகளின் செயல். இறந்தோர் 151 பேர்: ஐரோப்பியர் 43, இந்தியர் 108. மீட்க வந்தவர்களே பலர் அதில் மடிந்தனர். கோயில் 1883இல் இன்றைய இடத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. சரிந்த மண் மல்லிதால் முனையில் ஏற்கனவே இருந்த சமதளத்தை ஏரிக்குள் மேலும் விரித்தது. அதுவே ‘ஃபிளாட்ஸ்’ என்னும் விளையாட்டுத் திடல். ஹாக்கியும் கிரிக்கெட்டும் கால்பந்தும் அங்கே நடந்தன, இன்றும் நடக்கின்றன. மாலையில் பயணிகள் பலூன் வாங்குவதும், சோளக்கதிர் தின்பதும், கம்பளிச் சந்தையில் பேரம் பேசுவதும் அதையொட்டித்தான்.

அந்தப் பேரழிவுக்குப் பின் ஆங்கிலேயப் பொறியாளர்கள் சரிவுகளில் வடிகால்களை விரிவாக அமைத்தார்கள். மழைநீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் கல்பதித்த ஓடைகள் வழியாக ஏரிக்குக் கொண்டுசேர்க்கும் அந்த வலையமைப்புதான் நகரைக் காத்து நிற்கிறது. இங்கே நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மிகச் சிறந்த பணி அது. பின்னாளில் அந்த ஓடைகளின் மீதே கட்டடம் எழுப்பியவர்கள் நம்மவர்கள்.

பேகாருக்கு வருவோம். எதிர்ப்பு ஒரே நாளில் எழவில்லை. 1903இல் அல்மோராவை அடுத்த கத்யாடி கிராமத்தார் சுமக்க மறுத்தனர். அவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு அலகாபாத் உயர்நீதிமன்றம் வரை சென்றது. மறுத்ததற்குத் தண்டிப்பது சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றம் கூறிற்று. தீர்ப்பு வந்ததே தவிர வழக்கம் நிற்கவில்லை. மலைகளில் சட்டம் மெல்ல ஏறும், பதிவேடு விரைந்து ஏறும். கட்வாலில் ஜோத் சிங் நேகி 1908இல் ‘கூலி ஏஜென்சி’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊரார் பணம் சேர்த்துப் பொது நிதியாக வைத்து, அதிலிருந்து சம்பளத்துக்கு ஆள் அமர்த்திச் சுமைப்பணியை நடத்துவது அதன் ஏற்பாடு. குடியானவர் தம் கைப்பணத்தைக் கொடுத்துத் தம் முதுகை விடுவித்துக்கொண்டனர்.

1916இல் குமாவோன் பரிஷத் தோன்றியது. அல்மோரா அக்பார் இதழின் ஆசிரியர் பத்ரி தத் பாண்டே பேகாரை எதிர்த்து எழுதிவந்தார். அல்மோராவின் துணை ஆணையர் லோமஸ் வேட்டைக்குச் சென்ற இடத்தில் சுட்டதில் ஒரு கூலியாள் காயமுற்றார். அதை வெளியிட்டதன் விளைவாக இதழ் 1918இல் நின்றுபோயிற்று. ஒரே வெடியில் கூலியாளும், காட்டுக்கோழியும், இதழும் வீழ்ந்ததாக அண்டையிலிருந்த கட்வாலி இதழ் கேலியும் கசப்புமாகக் குறிப்பிட்டது. பாண்டே அதே ஆண்டு விஜயதசமியன்று ‘சக்தி’ என்ற புதிய இதழைத் தொடங்கினார்.

1921 ஜனவரி. மகர சங்கராந்தியை ஒட்டிப் பாகேஷ்வரில், சரயுவும் கோமதியும் கூடுமிடத்தில் உத்தராயணி விழா. மலைகளெங்குமிருந்து வணிகர்களும் பக்தர்களும் கூடும் நாள் அது. பத்ரி தத் பாண்டே, ஹர்கோவிந்த் பந்த், சிரஞ்சிலால் ஆகியோர் அங்கே சென்றனர். துணை ஆணையர் டைபிள் சிறிய காவல் படையோடு அவ்விடத்திலேயே இருந்தார். பல்லாயிரக்கணக்கில் திரண்ட மக்கள் சரயு நீரைக் கையில் ஏந்தி, இனிச் சுமப்பதில்லை என்று உறுதி பூண்டனர். பதான்கள் தம்மோடு கொண்டுவந்திருந்த கூலிப் பதிவேடுகளை ஆற்றில் எறிந்தனர். துப்பாக்கி வெடிக்கவில்லை. கூட்டத்தின் அளவைக் கண்டு அதிகாரி கைகட்டி நின்றார் என்றே சொல்ல வேண்டும். அவ்வாண்டிலேயே அம்முறை முடிவுக்கு வந்தது. பாண்டேவை மக்கள் ‘கூர்மாஞ்சல கேசரி’ என்றழைத்தனர்.

ஒத்துழையாமை இயக்கத்தின் வரலாற்றை நாம் பள்ளியில் படிக்கும்போது சௌரி சௌரா வரும், பாகேஷ்வர் வராது. நான் படித்த பாடநூல்களில் இல்லை. ஒரு கட்டாய உழைப்பு முறையை, அதன் காகிதங்களையே நீரில் விட்டு மக்கள் முடித்த நிகழ்ச்சி அது. காந்தி 1929இல் குமாவோனுக்கு வந்தபோது நைனிதாலுக்கும் வந்தார். தல்லிதாலில் பேருந்தை விட்டிறங்குவோரை வரவேற்பது இன்று அவருடைய சிலைதான்.

விடுதலைக்குப் பிந்தைய கதை உங்களுக்குத் தெரிந்ததே. துரைமார் போயினர், கான்பூர், லக்னோ, தில்லியிலிருந்து நடுத்தர வகுப்பினர் வந்தனர். ‘வக்த்’, ‘கடீ பதங்க்’ முதலிய இந்திப் படங்கள் ஏரியையும் அதன் படகுகளையும் இந்தியா முழுதும் கொண்டுசென்றன. தேனிலவு என்றால் நைனிதால் என்றாயிற்று. 1980களில் ஸ்னோ வியூ முகட்டுக்குக் கம்பிவட ஊர்தி வந்தது. டாண்டி மறைந்து சைக்கிள் ரிக்‌ஷா வந்து, இப்போது அதுவும் போய் மின்ரிக்‌ஷா. நைனிதாலின் நெரிசல் பொறாதவர்கள் பீம்தாலுக்கும் நௌகுசியாதாலுக்கும் போகிறார்கள். அங்கே குடைவிரித்துப் பறக்கலாம். சாத்தாலின் ஓக், பைன் காடுகளில் பறவை நோக்குவோர் விடியற்காலையில் காமிராவோடு காத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் நைனிதாலில் ஒரு பகல் போதும், சாத்தாலில் இரண்டு நாள் தங்கலாம்.

ஏரியோ இளைத்துக்கொண்டிருக்கிறது. நகரின் குடிநீருக்கும் அதுவே ஆதாரம். நைனிதாலுக்கு மேலே சூகாதால் என்றொரு பள்ளம் உண்டு. பெயரே ‘உலர்ந்த ஏரி’. மழைக்காலத்தில் மட்டும் நிரம்பி, நிலத்தடியாக நைனி ஏரிக்கு நீர் ஊட்டுவது. அதைக் குப்பை கொட்டவும், வண்டி நிறுத்தவும், வீடு கட்டவும் உகந்த வெற்றிடமாக நெடுங்காலம் கருதினார்கள். 2016, 2017 கோடைகளில் ஏரியின் நீர்மட்டம் வெகுவாக இறங்கி, கரையோரம் சேறு வெளிப்பட்டது. 2018 ஆகஸ்டில் கீழ் மால் சாலையின் ஒரு பகுதி அப்படியே பெயர்ந்து ஏரிக்குள் இறங்கியது. ஒரு காலத்தில் இந்தியருக்கு என்று ஒதுக்கிய அதே சாலை. தற்செயல்தான், அதில் உட்பொருள் தேட வேண்டியதில்லை. ஏரியை ஒட்டியிருப்பது அது, ஆகவே முதலில் சரிந்தது.

ஏரியில் பயணிகளுக்கு விசைப்படகு கிடையாது. மிதிபடகும், பாய்மரப் படகும், துடுப்புப் படகும் மட்டுமே. வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த துன் என்னும் மரத்தின் பலகையால் துடுப்புப் படகுகளை அங்கேயே செய்கிறார்கள். கட்டணம் இன்னதென்று படகுத்துறையில் பலகையில் எழுதியிருக்கும். மல்லிதாலிலிருந்து தல்லிதாலுக்கு ஒரு வழிப் பயணமா, முழுச் சுற்றா, பாதிச் சுற்றா என்று கேட்பார்கள். பேரம் பேசலாம் என்று பயணக் குறிப்புகள் சொல்கின்றன. நண்பரே, பேரம் பேச வேண்டாம்.

அடுத்த முறை செல்லும்போது இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு, அல்மோரா வழியாகப் பாகேஷ்வருக்குப் போய்வாருங்கள். ஜனவரி நடுவில் போனால் குளிர் கடுமையாக இருக்கும். ஆனால் உத்தராயணி விழா நடக்கும். பாக்நாத் கோயிலுக்குக் கீழே படித்துறையில் நின்றால், பதிவேடுகள் போன அதே சரயு காலடியில் ஓடும்.